போலிங்கின் கணக்கும் எங்கள் வீட்டு மூன்று போத்தல்களும்

எங்கள் சித்தப்பாவின் அலுமாரியில் மூன்று மாத்திரைப் போத்தல்கள் இருந்தன. ஒன்றில் விற்றமின் சி, 1000 மில்லிகிராம். இன்னொன்றில் குளுட்டாதயோன். மூன்றாவது, ஈரலைச் சுத்தப்படுத்தும் என்று லேபலில் எழுதியிருந்த ஒரு கலவை. மில்க் திசில் என்ற முட்செடியின் விதைச்சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் மஞ்சள் சாறும் அதில் சேர்ந்திருந்தன. மூன்றையும் ரொறொன்ரோவிலிருந்து அனுப்பியவள் அவருடைய மகள். எனக்குத் தங்கச்சி முறை.

சித்தப்பா 2009இற்குப் பிறகு குடிக்கத் தொடங்கியவர். ஏன் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஸ்கானில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். குடியை விடும்படியும் மறுபடி கிளினிக்குக்கு வரும்படியும் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர் போகவில்லை. பொதி வந்துவிட்டது, மருந்து கையில் இருக்கிறது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். நான்கு மாதம் கழித்துக் கண் மஞ்சளித்தபோதுதான் வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்றோம். அங்கே வைத்தியர் முதலில் கேட்டது போத்தல்களைத்தான். மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தும்படி சொன்னார்.

அன்றிரவு வாட்டு வாசலில் இருந்தபடி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கைத்தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கினேன். விற்றமினைக் குறைபாட்டுக்காக அல்லாமல், நோயைத் துரத்தவும் நஞ்சைக் கழுவவும் கைநிறைய விழுங்கலாம் என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் ஒரு அமெரிக்க இரசாயனவியலாளர். பெயர் லைனஸ் போலிங். எங்கள் ஏ.எல். இரசாயனவியல் புத்தகத்தில் மின்னெதிர்த்தன்மை அளவீட்டில் வரும் அதே போலிங். யாரோடும் பகிராமல் இரண்டு நொபெல் பரிசுகளைப் பெற்ற ஒரே மனிதர். அதில் ஒன்று சமாதானத்துக்கானது.

ஒரு போலி வைத்தியரின் கதையை எதிர்பார்த்துத்தான் தொடங்கினேன். கிடைத்த கதை வேறு.

மருந்துக்கடைக்காரரின் மகன்

போலிங் 1901 பெப்ரவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் பிறந்தார். தந்தை ஹேர்மன், மருந்துக்கடை வைத்திருந்தவர். 1910இல் குடற்புண் துளைவிட்டு அவர் இறந்தபோது லைனஸுக்கு ஒன்பது வயது. இரண்டு தங்கைகள். தாய் பெல், தங்குவிடுதி நடத்திக் குடும்பத்தைப் பார்த்தார். தாயும் நோயாளி. பையன் சின்னச் சின்ன வேலைகள் செய்தபடி படித்தான். பாடசாலையின் இறுதிச் சான்றிதழ்கூட அப்போது அவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது நொபெல் பரிசின் காலத்தில்தான் அந்தப் பாடசாலை அதைக் கொடுத்தது.

ஒரேகன் விவசாயக் கல்லூரியில் படிக்கும்போதே அங்கு பாடமும் நடத்தினார். அந்த வகுப்பில் மாணவியாக இருந்த ஏவா ஹெலன் மில்லரை 1923இல் மணந்தார். 1925இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டம். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பெற்று ஐரோப்பாவுக்குப் போனார். அவர் அங்கிருந்தபோது, 1926 ஜூலையில், தாய் இறந்தார்.

தாயைக் கொன்றது பேர்னீஷியஸ் அனீமியா என்ற இரத்தச்சோகை. அதுவரை அது தீராத நோய். ஆனால் அதே 1926இல்தான், நாள்தோறும் ஈரலை நிறையச் சாப்பிடக் கொடுத்தால் அந்த நோயாளர் பிழைக்கிறார்கள் என்று பொஸ்டனில் மைனொட், மேர்ஃபி என்ற இரு வைத்தியர்கள் வெளியிட்டார்கள். 1934இல் அதற்கு நொபெல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருள் விற்றமின் பி12 என்பது 1948இல் தெரியவந்தது. ஒரு விற்றமின், இறந்துகொண்டிருக்கும் மனிதரை எழுப்பி உட்கார வைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. போலிங்கின் வீட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி சில மாதங்கள் பிந்திவிட்டது.

இரண்டாவது முறை நோய் அவரிடமே வந்தது. 1941இல், நாற்பது வயதில், முகம் வீங்கி, உடம்பு ஊதி, பிரைற் நோய் என்று அன்று அழைக்கப்பட்ட சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் பலருக்கு அது மரண ஓலை. ஸ்ரான்ஃபோர்டில் இருந்த தோமஸ் அடிஸ் என்ற வைத்தியர் உப்பில்லாத, புரதம் குறைந்த உணவில் அவரை வைத்தார். விற்றமின்களும் கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் புரதத்தை நிறுத்துக் கணக்குப் பார்த்தவர் ஏவா ஹெலன். போலிங் பிழைத்தார். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளரை வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கு, அந்த நிறுத்துப் போடும் சாப்பாடு என்னவென்று தெரியும்.

தந்தையை ஒன்பது வயதில், தாயை இருபத்தைந்தில் இழந்து, தானும் நாற்பதில் சாவைத் தொட்டுத் திரும்பிய ஒருவர், சரியான பொருளைச் சரியான அளவில் கொடுத்தால் உடம்பு திரும்பி வரும் என்று நம்பியதில் எனக்கு வியப்பில்லை. கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பு எங்கள் ஊர்களுக்கும் தெரிந்ததுதான்.

பெயர்களைக் கொடுக்க மறுத்தவர்

அவருடைய விஞ்ஞானத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்பதை விளக்கிய அவருடைய நூல் 1939இல் வந்தது. 1949இல், அரிவாள் வடிவச் செங்குருதிக் கல நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள மாற்றமே என்று சகாக்களோடு சேர்ந்து காட்டினார். ஒரு நோயின் வேரை ஒரு மூலக்கூறில் காட்டிய முதல் வேலை அது. 1951இல் புரதங்களின் சுருள் வடிவத்தைச் சொன்னார். 1953இல் டி.என்.ஏ. மூன்று இழை கொண்டது என்று எழுதிப் பிழைவிட்டார். சில வாரங்களில் வொட்சனும் கிரிக்கும் இரட்டை இழையைக் காட்டினார்கள். பிழையை அவர் ஏற்றுக்கொண்டார். 1954இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு வந்தது.

இரண்டாம் உலகப் போரில் அவர் வெடிபொருள் ஆய்வுகளில் அரசுக்காக வேலை செய்து, அதற்காகப் பதக்கமும் பெற்றவர். ஹிரோஷிமாவுக்குப் பிறகு நிலைமை மாறியது. அவரைச் சமாதானப் பக்கம் இழுத்தவர் ஏவா ஹெலன். அணுகுண்டுப் பரிசோதனைகளில் வெளியாகும் கதிர்த்தொழிற்பாட்டுத் தூசி புல்லில் விழுந்து, மாட்டின் பாலுக்குள் போய், பிள்ளைகளின் எலும்பில் படிகிறது என்பதை மேடை மேடையாகச் சொன்னார். ஒரு பரிசோதனையால் எத்தனை பிள்ளைகள் குறைபாட்டோடு பிறப்பார்கள், எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்று கணக்குப் போட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் ஆபத்து மிகச் சிறிது என்று அரசு சொன்னது. அந்தச் சிறியதை உலக மக்கள்தொகையால் பெருக்கிப் பாருங்கள் என்பதுதான் அவருடைய வாதம். எண்ணப்படாத சாவுகளை எண்ணச் சொன்னவர் அவர்.

1952இல் அவருடைய கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1958இல் அவரும் ஏவா ஹெலனும் 9,000இற்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட மனுவை ஐ.நா.விடம் கொடுத்தார்கள். 1960இல் அமெரிக்க செனட் சபையின் உபகுழு அவரை அழைத்து, கையொப்பம் திரட்ட உதவியவர்களின் பெயர்களைக் கேட்டது. கொடுக்காவிட்டால் சிறை செல்ல நேரலாம். அவர் கொடுக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்று யாருடைய கையில் போய்ச்சேர்கிறது என்பதில் எத்தனை உயிர்கள் தங்கியிருக்கும் என்பதை இந்த மண்ணில் இருந்துகொண்டு வாசிக்கும்போது, அந்த மறுப்பின் எடை வேறாகத் தெரிகிறது.

1963 ஒக்ரோபர் 10ஆம் திகதி பகுதியளவு அணுப்பரிசோதனைத் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் 1962ஆம் ஆண்டுக்கான சமாதான நொபெல் பரிசு போலிங்குக்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே, பல வருடங்களாக அழுத்தம் கொடுத்துவந்த தன் நிறுவகத்தை விட்டு அவர் வெளியேறினார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது வேண்டும். பெரிய பெரிய மனிதர்கள் பிழை என்று சொன்னபோதெல்லாம் அவர் சரியாக இருந்திருக்கிறார். எதிர்ப்பு வந்தால் தான் சரியான பாதையில் போகிறேன் என்று நினைக்க, அவருடைய வாழ்க்கையே அவரைப் பழக்கியிருந்தது.

ஒரு கடிதமும் ஆட்டின் ஈரலும்

1966இல், 65 வயதில், நியூயோர்க்கில் ஒரு கூட்டத்தில் இன்னும் 25 வருடம் வாழ்ந்து விஞ்ஞானத்தின் புதுமைகளைப் பார்க்க ஆசை என்று சொன்னார். அதைக் கேட்டிருந்த இர்வின் ஸ்ரோன் என்ற இரசாயனவியலாளர் கடிதம் எழுதினார். தினமும் 3 கிராம் விற்றமின் சி எடுத்தால் அந்த ஆசை நிறைவேறும் என்பது அதன் சாரம். போலிங்கும் ஏவா ஹெலனும் எடுக்கத் தொடங்கினார்கள். தடிமன் குறைந்தது போல இருந்தது. பிற்காலத்தில் அவர் நாளுக்கு 18 கிராம் வரை எடுத்தார். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையென்று அமெரிக்காவில் சொல்லப்படும் அளவு பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 90 மில்லிகிராம். 18 கிராம் என்பது அதைப்போல 200 மடங்கு.

இந்த வாதத்தின் நடுவில் ஈரல்தான் இருந்தது. ஆடு, மாடு, நாய் போன்ற பெரும்பாலான பாலூட்டிகள் தங்களுக்குத் தேவையான விற்றமின் சியைத் தங்கள் ஈரலிலேயே உண்டாக்குகின்றன. மனிதருக்கும் குரங்குகளுக்கும் அதற்கான மரபணு எப்போதோ பழுதாகிவிட்டது. ஓர் ஆடு உண்டாக்கும் அளவை மனித எடைக்குப் பெருக்கினால் நாளுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் வருகிறது. ஆகவே நமக்கும் அவ்வளவு வேண்டும் என்றார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனித உடம்பு வேறு வழியைப் பழகிக்கொண்டது. 1990களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் ஆட்களுக்கு அளந்து கொடுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் இரத்தத்தின் அளவு பெரிதாக ஏறவில்லை. குடல் குறைவாக உறிஞ்சுகிறது, சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. 200 மில்லிகிராம் என்பது ஒரு பெரிய கொய்யாப்பழம். சந்தையில் வாங்கலாம், பல வீடுகளில் வளவிலேயே காய்க்கிறது.

1970இல் தடிமனுக்கும் விற்றமின் சிக்கும் பற்றிய போலிங்கின் புத்தகம் வந்தது. அமெரிக்க மருந்தகங்களில் விற்றமின் சி தட்டுப்பாடு வரும் அளவுக்கு அது விற்றது. அதன்பின் நடந்த பல பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தால் கிடைப்பது இதுதான். சாதாரண மக்களுக்குத் தினமும் எடுத்தாலும் தடிமன் வருவது குறைவதில்லை. வந்த தடிமன் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 8 வீதம் சுருங்குகிறது. ஒரு வாரத் தடிமனில் அரை நாள். மரதன் ஓடுபவர்கள், கடும் குளிரில் பயிற்சி பெறும் படையினர் போன்றோருக்கு மட்டும் தடிமன் வருவதே பாதியாகக் குறைந்தது. முழுப் பொய்யில்லை. ஆனால் அவர் சொன்ன அளவுக்கு இல்லை.

செங்கமாரியும் கீழ்க்காய்நெல்லியும்

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009இல் வவுனியா முகாம்களில் செங்கமாரி பரவியது. நாங்கள் இருந்த முகாமில் எனக்கும் வந்தது. அம்மா வேலியோரம் தேடித் தேடிக் கீழ்க்காய்நெல்லி பிடுங்கி, கல்லில் அரைத்துக் குடிக்கத் தந்தா. சில வாரங்களில் மாறியது. பல வருடங்களாக அந்தச் செடிதான் என்னைக் காப்பாற்றியது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முகாம்களில் அசுத்தத் தண்ணீரால் பரவியது ஹெபற்றைற்றிஸ் ஏ. இளம் வயதினரில் பெரும்பாலானோருக்கு அது சில வாரங்களில் தானாகவே மாறும். தானாக மாறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதுதான் மாற்றியது போல இருக்கும். தடிமனும் அப்படித்தான். போலிங்குக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒன்றே.

கீழ்க்காய்நெல்லியை விஞ்ஞானம் ஒதுக்கித் தள்ளியது என்று சொல்லவும் முடியாது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபற்றைற்றிஸ் பி வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக லான்செற் சஞ்சிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. மற்ற நாடுகளில் திருப்பிச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. அம்மாவின் கையில் இருந்த அன்பு உண்மை. அந்தச் சாறு வேலை செய்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

நோயாளரை எண்ணிய விதம்

போலிங் தடிமனோடு நிற்கவில்லை. ஸ்கொட்லாந்தில் இவன் கமரன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குணமாக்க முடியாத புற்றுநோயாளருக்கு விற்றமின் சியை நாளுக்கு 10 கிராம் கொடுத்துவந்தார். 1976இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். விற்றமின் எடுத்த 100 பேர், எடுக்காத 1,000 பேரைவிட நான்கு மடங்கு காலம் உயிரோடிருந்தார்கள் என்றார்கள்.

பிழை எண்ணிய விதத்தில் இருந்தது. அந்த 1,000 பேரும் பழைய கோப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் முடிவெடுத்த நாளிலிருந்து வாழ்நாள் கணக்கிடப்பட்டது. அந்த முடிவு இரு சாராருக்கும் நோயின் ஒரே கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று சொல்ல வழியில்லை. இரண்டு பேர் சந்தை வரை நடந்த தூரத்தை ஒப்பிடும்போது, ஒருவருக்கு வீட்டுப் படலையிலிருந்தும் மற்றவருக்குச் சந்தியிலிருந்தும் அளந்தால், முதலாமவர் கூட நடந்ததாகத்தான் தெரியும்.

மயோ கிளினிக் வைத்தியர்கள் சரியான முறையில் செய்து பார்த்தார்கள். நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு விற்றமினும் மறுபகுதிக்கு வெறும் மாத்திரையும், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். 1979இல் வெளியான முடிவில் பலன் இல்லை. அவர்கள் ஏற்கெனவே கீமோ சிகிச்சை பெற்றவர்கள் என்று போலிங் மறுத்தார். பெறாதவர்களை வைத்து மறுபடி செய்தார்கள். 1985இல் மறுபடியும் பலன் இல்லை. போதிய காலம் கொடுக்கவில்லை என்று அவர் கோபப்பட்டார். கமரன் தொடக்கத்தில் ஊசி மூலம் கொடுத்தார், மயோ வெறும் மாத்திரையே கொடுத்தது என்ற வேறுபாடு பிற்காலத்தில்தான் கவனிக்கப்பட்டது. நாளத்தில் ஏற்றும்போது இரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும் என்பதால் அந்த வழியில் ஆய்வு இன்னும் நடக்கிறது. வாயால் எடுக்கும் மாத்திரைக்கு அதில் பங்கில்லை.

அவருடைய சொந்த நிறுவனத்துக்குள்ளும் வழக்கு வந்தது. அதை அமைக்க உதவிய இளம் சகா ஒருவர், சில அளவுகளில் விற்றமின் சி எலிகளின் தோல் புற்றை விரைவுபடுத்துவதாகக் கண்டார். 1978இல் அவர் விலக்கப்பட்டார். வழக்குப் போட்டார், பணம் கொடுத்துத்தான் முடித்தார்கள். டி.என்.ஏ. பிழையை ஒப்புக்கொண்ட மனிதர் இதில் ஒப்புக்கொள்ளவில்லை.

1976இல் ஏவா ஹெலனுக்கு வயிற்றுப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு விற்றமின் சியையே நம்பினார்கள். 1981 டிசம்பரில், 77 வயதில், அவர் இறந்தார். போலிங் 1994 ஓகஸ்ட் 19ஆம் திகதி, 93 வயதில், புரொஸ்டேட் புற்றுநோயால் இறந்தார். அவர் 93 வரை வாழ்ந்தது விற்றமினால்தான் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருவரும் ஒரே வீட்டில் ஒரே மாத்திரையை எடுத்தவர்கள். ஒருவரின் ஆயுளை வைத்து எதையும் நிறுவ முடியாது.

அவர் இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, ஃபின்லாந்திலிருந்து ஒரு முடிவு வந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த பரிசோதனை. அன்ரிஒக்சிடன்ற் என்று, அதாவது உடம்பில் ஒட்சியேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள் என்று, பெயர்பெற்ற பீற்றா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களில் நுரையீரல் புற்று குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து நடந்த இன்னொரு பரிசோதனையை, சேதம் கூடுவதைக் கண்டு 1996இல் இடையில் நிறுத்தினார்கள். கரட்டைச் சாப்பிடுவது வேறு, கரட்டிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துப் பல மடங்காக விழுங்குவது வேறு என்று அன்றுதான் பலருக்கு உறைத்தது.

போத்தல்களை ஒவ்வொன்றாக

இனி அலுமாரிக்கு வருவோம். நான் வாசித்ததையும் வைத்தியர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

விற்றமின் சி ஈரல் நோயை மாற்றும் என்று காட்டப்படவில்லை. பெரியவர்களுக்கு நாளுக்கு 2 கிராம் என்பதே மேல் எல்லை. மிஞ்சியதில் ஒரு பகுதி உடம்பில் ஒக்ஸலேற்றாக மாறும். சிறுநீரகக் கல்லும், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தில் மேலும் பழுதும் வரலாம். சிறுநீரக நோயாளர் உள்ள வீடுகளில் இந்தப் போத்தலுக்கு இடமே இல்லை.

குளுட்டாதயோன் நல்ல பொருள்தான். அதை எங்கள் ஈரலே உண்டாக்குகிறது. மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும். தோலை வெளுக்க வைக்க என்று ஊசியாக ஏற்றுவது இன்னும் மோசம். பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. ஆனால் ஈரலில் குளுட்டாதயோனைத் திரும்ப நிரப்பும் ஒரு மருந்து வைத்தியசாலைகளில் உண்மையாகவே இருக்கிறது. பெயர் அசற்றைல்சிஸ்ரீன். அளவுக்கு மீறிப் பனடோல் உடம்புக்குள் போனால் ஈரலைக் காப்பாற்றுவது அதுதான். எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் முழுப் பாதுகாப்பு. முதல் நாளில் ஆள் நல்லாகவே இருப்பது போலத் தெரியும். அதை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மில்க் திசிலை ஐரோப்பாவில் நச்சுக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஊசி மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். மாத்திரையாக, ஹெபற்றைற்றிஸ் சி நோயாளர் 154 பேரிடம் நடந்து 2012இல் வெளியான பரிசோதனையில், வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் கூடச் செய்யவில்லை. பெரிய தீங்கும் இல்லை.

பச்சைத் தேயிலைச் சாறும் மஞ்சள் சாறும்தான் வைத்தியரின் முகத்தை மாற்றியவை. தேநீராகக் குடிப்பதிலோ கறிக்கு மஞ்சள் போடுவதிலோ பிரச்சினை இல்லை. செறிவாக்கி மாத்திரையில் அடைத்தவை சிலருக்கு ஈரலையே தாக்குகின்றன. பச்சைத் தேயிலையிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் ஈரல் பழுதின் அறிகுறிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. மஞ்சள் மாத்திரையால், அதிலும் மிளகுச் சாறு சேர்த்தவற்றால், ஈரல் அழற்சி வந்தவர்களை அமெரிக்க வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஈரலைச் சுத்தம் செய்ய வாங்கிய போத்தலே ஈரலுக்குச் சுமையாகலாம்.

எங்கள் அலுமாரியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். விற்றமின் ஈ. கொழுப்பீரல் அழற்சி உள்ள, நீரிழிவு இல்லாத 247 பேரிடம் நடந்த பரிசோதனை 2010இல் வெளியானது. அதை எடுத்தவர்களில் 43 வீதத்தினருக்கு ஈரல் தேறியது, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 19 வீதத்தினருக்கு. ஆனால் தழும்பு மாறவில்லை. வேறொரு பெரிய பரிசோதனையில் அதே விற்றமின் ஆண்களில் புரொஸ்டேட் புற்றை 17 வீதம் கூட்டியது. ஆகவே அது வைத்தியர் ஆளைப் பார்த்து எழுத வேண்டிய மருந்து. பொதியில் வர வேண்டிய சாமான் இல்லை.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஈரலைக் கழுவும் போத்தல் என்று ஒன்று கிடையாது. இரத்தத்தைக் கழுவுவதே ஈரலின் வேலை. அதற்கு நாங்கள் செய்யக்கூடியது, குடியை நிறுத்துவது, உடம்பெடையைக் குறைப்பது, ஹெபற்றைற்றிஸ் பி, சி இருக்கிறதா என்று பார்ப்பது, கண் மஞ்சளித்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போவது. போகும்போது வீட்டிலிருக்கும் போத்தல், தூள், கசாயம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுவது. வைத்தியர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். நாங்கள் காட்டியபோது அவர் ஏசவில்லை.

எண்ணச் சொன்னவர்

போலிங்கை வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம் இருக்கவில்லை. அணுகுண்டின் தூசியால் சாகப்போகும் ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணச் சொன்னவர் அவர். அரசு சொல்கிறது, பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள் என்பதுதான் அவர் உலகத்துக்குச் செய்த நன்மை. தன் நம்பிக்கையை எண்ணிப் பார்க்கும் முறை வந்தபோது மட்டும் அவரால் முடியவில்லை. இரண்டு நொபெல் பரிசு பெற்றவருக்கே அது முடியவில்லை என்றால், வாட்டு வாசலில் நிற்கும் எங்களுக்கு எவ்வளவு கஷ்டம்.

தங்கச்சிக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் இரண்டு வேலை செய்து அந்தப் போத்தல்களை வாங்கியவள். 2009இல் தகப்பனை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்வும் அந்தப் பொதிக்குள் இருந்தது. கடைசியில் தொலைபேசியில் சொன்னேன். போத்தல் வேண்டாம், அந்தக் காசை மாதம் ஒருமுறை சித்தப்பா கிளினிக்குப் போகிற ஓட்டோவுக்கு அனுப்பு என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எவ்வளவு என்று கேட்டாள்.

சித்தப்பாவின் ஈரலில் தழும்பு இருக்கிறது. அது முழுதாக மாறாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. கிளினிக் கொப்பியை அந்தப் போத்தல்கள் இருந்த அதே தட்டில்தான் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனை எண்களைக் கொண்டுவந்து என்னிடம் தந்து, போன மாதத்தைவிடக் கூடவா குறையவா என்று கேட்கிறார். நானும் அவரும் குந்தில் இருந்து எண்ணிப் பார்க்கிறோம்.